ஞாயிற்றுக்கிழமை தாமதமாகச் சுரக்கும் ஊற்று

உலகத்தில் ஓடுகிற தண்ணீர் அத்தனையும் வால்வண்ணாவிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் ஓடும். கொஞ்சம் மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி முறைக்கிறாள். ஆகவே கல்லூரி வளாகத்துத் தண்ணீர் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆழ்துளைக் கிணறான போரிலிருந்து மோட்டார் போட்டு ஏற்றுவதும், எந்தக் கட்டடத்துக்கு எப்போது என்று வால்வைத் திருப்புவதும் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. குழாயில் கை வைத்தாலே விடுதி மூன்றாம் மாடியில் எத்தனை வாளி நிரம்புகிறது என்று சொல்லிவிடுவார்.

அந்த வருடம் கல்லூரிக்குக் கருப்பொருள் ‘நீர்’. எல்லாத் துறையும் நீரைப் பற்றியே படிக்க வேண்டும், செயல்திட்டமும் அதன்மேலேயே. பொறுப்பு நூலகர் அம்மாவுக்கு. அலமாரி முழுக்க நீல அட்டைப் புத்தகமாக அடுக்கி, கடைசியில் ஒரு விழாவும் கண்காட்சியும் உண்டு என்று அறிவித்தார்.

அந்தச் சுறுசுறுப்பில் நூலகத்துக்குப் பின்னால் ஈரமண்ணைக் கண்டுபிடித்த நான்கு மாணவிகள், சுற்றிலும் கல் அடுக்கி, ‘ஊற்று’ என்று பலகையும் நட்டுவிட்டார்கள்.

வால்வண்ணா ஓடி வந்தார். அதற்கு நேர் அடியில்தான் விடுதிக்குப் போகும் பெரிய குழாய்.

“பாப்பா, இது ஊத்து இல்ல, ஓட்டை.”

“போங்கண்ணா! ஒரு மாசமா குறிப்பெடுக்கிறோம். காலையில ஆறு மணிக்குச் சுரக்குது, எட்டுக்கு நிக்குது. ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் லேட்டு.”

“ஞாயித்துக்கிழமை நான் லேட்டா எந்திரிப்பேன்மா. நான் மோட்டார் போட்டாத்தான் அது சுரக்கும்.”

“அடேயப்பா, நெனப்புதான்!”

நூலகர் அம்மாவிடம் போனார். “தோண்டிப் பாக்க ஒரு நாள் குடுங்கம்மா. ஏத்துற தண்ணி பாதி மண்ணுக்குள்ள போகுது. போரும் எறங்கிட்டே இருக்கு.”

“விழா முடியட்டுமே. இந்த வருஷத்துக்கே அந்த ஊத்துதான் முகம். அதுல போய்க் கடப்பாறைய வைக்கிறேங்கிறீங்க!”

விடுதித் தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. வால்வைத் திறக்க மறந்து தூங்குகிறார் என்று விடுதிக் காப்பாளர் முதல்வரிடம் வத்தி வைத்தார். இன்னொரு புகார் வந்தால் வேலையும் இல்லை, மோட்டார் அறையை ஒட்டிய வீடும் இல்லை என்றார் முதல்வர். வால்வண்ணா முதல்வருக்கு மூன்று கடிதம் எழுதினார். பதில் இல்லை. தானாகத் தோண்டினால் அன்றைக்கே சீட்டு கிழியும். தோண்டாவிட்டால் கொஞ்சம் பொறுத்துக் கிழியும்.

விழா நாள் காலையில் மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. போர் வறண்டுவிட்டது. விருந்தினர் முன்னால் ஊற்று ஒரே ஒரு குமிழி விட்டு அடங்கியது. மாணவிகள் அதற்கு ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். விடுதியிலோ காலி வாளிகள் உருண்டன. மாலைக்குள் மோட்டார் அறைச் சாவியைக் கொடுக்கச் சொல்லி ஆள் வந்துவிட்டது.

கொடுக்கப் போகிற வழியில் கண்காட்சிக்குள் எட்டிப் பார்த்தார். ‘நீரின் குரல்கள்’ என்ற தலைப்பின் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய மூன்று கடிதங்கள். “ஐயா, குழாயில் ஓட்டை” என்று தொடங்குகிற முதல் கடிதத்துக்கு அடியில், ‘குறியீட்டு நடை’ என்று யாரோ குறித்திருந்தார்கள்.

வால்வண்ணா அங்கேயே நின்று அழுதார். அந்தக் கண்ணீரைத் தொட்டியில் பிடித்திருந்தால் விடுதியே குளித்திருக்கும்.

“அழவெல்லாம் இல்ல,” என்கிறாள் பக்கத்தில் இருப்பவள். “வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணி கேட்டாரு. குடத்துல இல்ல. அதை எழுதுங்க.”