தண்ணீரில் கரைந்த கொலை

எனக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சு வராது, தமிழ்தான் வரும். அன்று ஆன்லைன் வகுப்பின் நடுவிலேயே வந்துவிட்டது.

அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். கனடா போகத் துடிக்கும் ஐ.டி. பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே பிரெஞ்சு சொல்லித்தருகிறேன். அன்றைய பாடம் ஒரு லத்தீன் வினைச்சொல்: நெகாரே. கொல்வது என்று பொருள். அதிலும் கத்தி எடுக்காமல், ரத்தம் சிந்தாமல் கொல்வது. பட்டினி போட்டு, விஷம் வைத்து, மூச்சை முட்டவைத்து. நாளாக நாளாக அது தண்ணீரில் அமுக்கிக் கொல்வதாகச் சுருங்கியது. அதிலிருந்து வந்ததுதான் பிரெஞ்சில் 'நுவாயே', மூழ்கடிப்பது. இத்தாலியனில் 'அன்னெகாரே', ஒருவன் தானாக மூழ்கிச் செத்தாலும் அதே சொல்தான். ஸ்பானிஷில் 'அனெகார்' என்றால் பெரும்பாலும் வெள்ளம் சூழ்வது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் ஒரு செய்தி போட்டார். "நேற்றைய வெள்ளத்தில் பக்கத்து வீட்டுப் பசு மூழ்கி இறந்தது. வருந்துகிறோம்." கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள்.

வருந்துகிறார்களாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொலையிலிருந்து வெள்ளத்துக்கு அந்த லத்தீன் சொல் பல நூறு வருஷம் நடந்து கடந்த தூரத்தை இந்த மனுஷன் ஒரே வரியில் கடந்துவிட்டார். கொன்றவர்களைக் காணோம், தண்ணீர் மட்டும் இருக்கிறது.

எங்கள் காம்பவுண்டை ஒட்டிய ஓட்டு வீட்டு அக்காவின் பசு அது. எங்கள் கட்டடம் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பம்தான் நெல் போட்டது. இப்போது அவருக்கு இருப்பது வீடும் ஒரு கொட்டகையும். காலையில் எங்களுக்கெல்லாம் பால் ஊற்றுகிறவர்.

எங்கள் பக்கத்தில் ரோடு போட்டால் பழைய தாரைச் சுரண்டமாட்டார்கள், அதன் மேலேயே அப்பிவிட்டுப் போவார்கள். ரோடு உயர உயர வீடுகள் பள்ளமாகும். உடனே அவரவர் வாசலில் ஒரு சிமென்ட் மேடு. நாங்களும் கூட்டம் போட்டோம். அதுவரை ரோட்டுத் தண்ணீர் எங்கள் வளாகத்துக்குள் புகுந்து பின்பக்கக் கால்வாயில் இறங்கிவிடும். "மேடு கட்டினா அந்தத் தண்ணி எங்க போகும்?" என்று கேட்டேன்.

"எங்கயாவது போகட்டும் மேடம், நம்ம பார்க்கிங்ல நிக்காம இருந்தா சரி" என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். நானும் தூக்கினேன். கார் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

மழை கொட்டிய அன்று அக்கா சென்னீர்குப்பத்தில் மகள் வீட்டில் மாட்டிக்கொண்டார். நெடுஞ்சாலையிலேயே தண்ணீர், வரமுடியவில்லை. பசுவைத் தொட்டியோடு சேர்த்துக் குட்டையாகக் கட்டியிருந்தார். எங்கள் மேட்டில் முட்டித் திரும்பிய தண்ணீரெல்லாம் மத்தியானத்துக்குள் கொட்டகையில் ஏறிவிட்டது. பசு கத்தியது எல்லா மாடிக்கும் கேட்டது. சிலர் வீடியோ எடுத்தார்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மறுநாள் பாடத்தைத் தயாரித்தேன்.

அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்ததும் வகுப்பை அப்படியே நிறுத்திவிட்டுச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "மேட்டை இடிங்க சார்."

"இயற்கைப் பேரிடர் மேடம். நாம என்ன பண்ண முடியும்?"

"மழையா கூட்டம் போட்டுச்சு? மழையா கை தூக்குச்சு?"

அடுத்த பொதுக்குழுவில் பேசலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கோபம் ஆறாமல் அக்காவிடம் போனேன். சேற்றை மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தார். "நாங்கதான் கொன்னோம்க்கா. நானும் கை தூக்கினேன்" என்று சொல்லி அழுதுவிட்டேன். அழுததும் மனசு லேசானது. வெட்கங்கெட்ட மனசு!

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது எனக்குத் தெரியும் டீச்சரம்மா. நீ அழுதுகினு நின்னா இன்னா ஆவப்போவுது? சனிக்கெழம திரும்பியும் மழைன்றாங்கோ. அவுத்து வுட்டிருந்ததால கன்னுக்குட்டி ஒண்ணு பொழச்சிகினு கீது. அத்த எங்க கட்டட்டும், சொல்லு."