சுடலைமாடன் பங்கு பத்து சதவீதம்

சனிக்கிழமை காலை பதினொன்று பத்து. மும்பை மாட்டுங்காவில் என் ஆடிட்டர் வித்யாவின் அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, மேஜை மேல் மூன்று பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள். இரண்டில் இருந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவதில்... மீசையும் அரிவாளுமாகச் சுடலைமாடன். வெள்ளைப் பின்னணியில்!

'பங்குதாரர் எல்லாரும் போட்டோ கொண்டு வாங்க' என்று வித்யா சொல்லியிருந்தார். கொண்டு வந்துவிட்டார்கள்.

அண்ணன் இசக்கிமுத்து, தம்பி செல்வம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். நான்தான் இவர்களை வித்யாவிடம் அனுப்பியிருந்தேன். தாராவியில் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறார்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால்தான் சரக்கு எடுப்போம் என்று ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் சொல்லிவிட்டதாம். இதுவரை லாபத்தில் ஆளுக்கு நாற்பத்தைந்து, குலதெய்வத்துக்குப் பத்து. வருடா வருடம் நடக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அந்தப் பத்து போகும்.

சாமிக்கு வேலை அதோடு முடிந்ததா? இல்லை. அண்ணன் தம்பிக்கு ஒத்துவராதபோது சிவப்பும் வெள்ளையுமாகப் பூவைப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். வந்த நிறம்தான் முடிவு. மறுபேச்சு கிடையாது.

"சாமிக்கு பான் கார்டு இருக்கா?" என்றார் வித்யா, சிரிக்காமல்.

"கம்பெனிக்கு மட்டும் குடுப்பாவளா மேடம்?" என்றார் செல்வம்.

"குடுப்பாங்க. சட்டப்படி கம்பெனி ஒரு தனி நபர். அதுக்குன்னு பேர், பான், பேங்க் கணக்கு எல்லாம் உண்டு. நீங்க ரெண்டு பேரும் போனாலும் அது இருக்கும்."

செல்வம் யோசித்தார். "கண்ணுக்குத் தெரியாது. சாகாது. எங்களுக்கு மேல நிக்கும். இதத்தான மேடம் நாங்களும் சொல்லுதோம்?"

வித்யா சாமியின் போட்டோவை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சாமி பேர்ல நேரா பங்கு எழுத முடியாது. ஊர்க் கோயிலுக்கு டிரஸ்ட் இருந்தா பார்க்கலாம்..." என்றார்.

இசக்கிமுத்து பதறினார். "வேண்டவே வேண்டாம். பங்காளிய பூராப்பேரும் கம்பெனிக்குள்ள வந்திருவானுவ!"

சரி, அந்தப் பத்து யார் பெயரில்? அது யாரிடம் போகிறதோ, இனி அவர் வைத்ததுதான் சட்டம்.

"எம் பேர்ல இருக்கட்டும். மூத்தவன்லா."

"அப்பம் நான் ஒங்ககிட்ட சம்பளத்துக்கு நிக்கவாண்ணே?"

"ஏலே, என்ன பேச்சு பேசுத!"

அந்தப் பத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால்? "நீங்க சண்டை போடற அன்னிக்கு கம்பெனி அப்படியே நின்னுடும்" என்றார் வித்யா.

கடைசியில் மும்பையிலேயே சுனாபட்டியில் இருக்கும் சகோதரி பேச்சியம்மாளுக்கு போன். ஸ்பீக்கரில்.

"சாமி பங்க ஒம் பேர்ல வைக்கோம் பேச்சி. நீயும் ஒரு டைரக்டர். கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்றார் அண்ணன்.

"மட்டுமா? துட்டு கொடைக்கே போவட்டும். ஆனா ஓட்டு எனக்குத் தோணுனபடிதான் போடுவேன். சம்மதம்னா சொல்லுங்க. அடுப்புல குழம்பு கொதிக்கி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்மதம்.

கம்பெனியைப் பதிவு செய்வது பெரிய விஷயமில்லை. வைத்துக் காப்பாற்றுவதுதான்... ஆடிட், ரிட்டர்ன், போர்டு மீட்டிங், அதன் முடிவுகளை எழுதிவைக்கும் மினிட்ஸ் – வியாபாரம் படுத்த வருடத்திலும் படையல் தப்பக்கூடாது!

முதல் போர்டு மீட்டிங் போன வாரம் நடந்தது. முறுக்குப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்த செல்வம் சொன்னார். தாராவி அறையைக் காலி செய்துவிட்டுத் தாணேயில் பெரிய இடம் எடுக்க வேண்டும் என்று, தலைமை வகித்த அண்ணன் தீர்மானம் கொண்டுவந்தார். தம்பி வேண்டாம் என்றார். பேச்சியம்மாள் தம்பி பக்கம் கை தூக்கினார். தீர்மானம் தோற்றது.

இசக்கிமுத்து மினிட்ஸை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.