விசாலத்தின் நான்கு சுவிட்சுகள்

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோவை பீளமேட்டிலிருந்து புறப்பட்டோம். நானும் என் மனைவி விசாலமும். வண்டி, பழைய வேன் ஒன்றை வாங்கிக் கேரவனாகக் கட்டிக்கொண்டது: ஒரு கட்டில், சின்னச் சமையல் மேடை, நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட ஒரு மடக்கு மேசை. வண்டியைக் கட்டிக்கொடுத்தவர்கள் எல்லா இணைப்புகளையும் ஒரே தொடுதிரையில் கொண்டுவந்திருந்தார்கள். விளக்கு, தண்ணீர் பம்பு, கூரை மின்விசிறி, வெந்நீர் என்று எது வேண்டுமானாலும் அந்தக் கண்ணாடியைத்தான் தொட வேண்டும். எந்த இடத்திலும் சுவிட்ச் என்று ஒன்று கிடையாது. அன்று எனக்கு அது அழகாகத் தெரிந்தது.

விசாலத்துக்கு இரண்டு வருடமாகக் கை நடுக்கம். மாத்திரையில் வலது கை ஓரளவு அடங்கியிருக்கிறது, இடது கை அடங்கவில்லை. திரையை ஒரு முறை தொட்டால் விளக்கு எரியும், மறுமுறை தொட்டால் அணையும். அவள் விரல் பட்டால் ஒரு தொடுதல் நாலாகிவிடும். அப்படிச் சில முறை ஆனால், குழந்தை விளையாடுகிறது என்று நினைத்துக்கொண்டு திரை தானே பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு நான் வந்துதான் திறக்க வேண்டும். தண்ணீர் குடிக்க என்னைக் கூப்பிட வேண்டும், பல் துலக்க என்னைக் கூப்பிட வேண்டும். "இதுக்கு நான் ஊட்லயே இருந்துக்கறேனுங்க" என்று போன மாதம் சொல்லிவிட்டாள். வண்டியை விற்பதாக முடிவு செய்தோம். திங்கட்கிழமை திருப்பூர்க்காரர் ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன் நீலகிரிக்கு ஒரு கடைசிப் பயணம்.

மேட்டுப்பாளையத்தில் சிற்றுண்டி. இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்று அறுபது ரூபாய், சட்னி சுமார். கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸைப் பார்த்த காவலர், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் பார்த்தபின், "ஏனுங்க, ஊட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார்.

"ஊடுன்னா சுவிட்ச் இருக்குமுங்க, இதுல அது இல்லை" என்றாள் விசாலம்.

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரிலேயே ஏறினேன். பர்லியாறு தாண்டியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டோம். ஒன்பதரை மணிக்குக் குன்னூர். பேருந்து நிலையத்துக்கு மேலே சாலையோரமாக நிறுத்தி, வர்க்கி வாங்க இறங்கினேன். பேக்கரியில் கூட்டம். அரைக் கிலோ வர்க்கியுடன் திரும்பி வந்தபோது வண்டியைச் சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். உள்ளே விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது.

"உள்ள படம் ஓடுதுங்களா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

கதவைத் திறந்தேன். விசாலம் கை கழுவும் தொட்டியின் முன் நின்றிருந்தாள். இரண்டு கையிலும் சோப்பு நுரை. பம்பைப் போடப்போய் விளக்கைத் தொட்டிருக்கிறாள். கழுவ முடியாமல் மறுபடி மறுபடி தொட்டிருக்கிறாள். நான் உள்ளே நுழைந்த நேரம் திரை பூட்டிக்கொண்டு, பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் மின்னியது.

"கல்யாண ஊட்டுக்கு சீரியல் செட்டு போட்டாப்புல இருந்துச்சுங்களா?" என்றாள். சிரிக்க முயன்றாள். வரவில்லை. நான் பூட்டை எடுத்துப் பம்பைப் போட்டதும் கையைக் கழுவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். "திங்கட்கெழமை வரட்டுமுங்க. வெலையை ரொம்பப் பேசாதீங்க, குடுத்துடுங்க."

எனக்கு வர்க்கிப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வெளியே வந்து, படம் ஓடுகிறதா என்று கேட்ட அதே மனிதரிடம், இங்கே வண்டி எலக்ட்ரீசியன் யாராவது உண்டா என்று கேட்டேன். "ஸ்டெல்லா கடை. இப்படியே மேல போங்க, பேட்டரி அடுக்கி வெச்சிருக்கும்" என்றார்.

வண்டியை அந்தக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஸ்டெல்லாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் காக்கிச் சட்டை. முன்பு ஒரு தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் மின் பராமரிப்பில் இருந்தவர், இப்போது சொந்தக் கடை. திரை இல்லாமலும் எரிகிற மாதிரி தனிச் சுவிட்சுகள் வேண்டும் என்று சொல்லி, வண்டியோடு வந்த மின்இணைப்பு வரைபடத்தை விரித்தேன். கட்டில் விரிப்பைப் போல இருந்த அதை அவர் பாதிதான் பார்த்தார். திரை சொல்வதைச் செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது; அதைத் திறந்து டார்ச் அடித்தார்.

"இந்தப் பொட்டியையே கழட்டிக் கடாசிடலாமா சார்? சுத்தமா நேர் ஒயர் இழுத்துத் தர்றேன்."

"வேண்டாம்மா. வெந்நீரும் பேட்டரி சார்ஜும் அதோட பொறுப்புல இருக்கு. அதுல கை வெச்சா பேட்டரிக்கு ஆபத்து."

"அதுஞ் சரி. அப்ப கேள்வி ஒண்ணுதான். நீங்க சுவிட்ச் போட்டா அது பொட்டிகிட்டப் போய்ப் பர்மிஷன் கேக்கணுமா, கேக்க வேண்டாமா?"

பெட்டியைக் கேட்டுத்தான் எரிய வேண்டும் என்றேன் நான். அப்படி இருந்தால்தான் எது எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்று திரைக்குத் தெரியும், கணக்கு ஒழுங்காக இருக்கும். விசாலம் வண்டியின் வாசற்படியிலிருந்து சொன்னாள்:

"யாரையும் கேக்கக் கூடாதுங்க. நான் போட்டா எரியோணும்."

"அக்கா சொல்றதுதான் ஆர்டர்" என்றார் ஸ்டெல்லா.

விற்கும் பேச்சு வருவதற்கு முன்பே கோவையில் வாங்கி வண்டியில் போட்டு வைத்திருந்த சுவிட்சுகளை எடுத்துக் காட்டினேன். விரல் நுனியால் அழுத்தும் வெள்ளை நிறச் சுவிட்சுகள். விசாலம் ஒன்றை அழுத்திப் பார்த்தாள். விரல் வழுக்கியது. ஸ்டெல்லா உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். தள்ளுவது, இழுப்பது, அழுத்துவது என்று பழைய சாமான்கள். "ஒவ்வொண்ணா புடிச்சுப் பாருங்கக்கா. உங்க கையி எதுக்கு ஒத்துப்போகுதோ அதை எடுங்க."

விசாலம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் ஒரு கறுப்புக் குமிழை எடுத்தாள். பெரிய எலுமிச்சம்பழம் அளவு, நடுவில் கட்டை விரல் பதிய ஒரு மேடு. உள்ளங்கையால் பற்றித் திருகினாள். கை நடுங்கியது, குமிழ் நடுங்கவில்லை. 'டொக்' என்று ஒரே சத்தத்தில் அடுத்த நிலைக்குப் போய் நின்றது.

"அது ஃபேக்டரியில எலை வாட்டுற ஃபேனுக்குப் போடுறது" என்றார் ஸ்டெல்லா. "குளிர்ல வெரல் மரத்துப்போய் வர்றவங்க திருகணும்ல, அதுக்காகப் பெருசு. மூணு நெலை. நடுவுல நின்னா ஆஃப். வலப்பக்கம் ஆட்டோ, அது உங்க பொட்டி பாத்துக்கும். இடப்பக்கம் மேனுவல், அது அக்கா ராஜ்ஜியம்."

"பாக்க நல்லாவே இல்லியேம்மா" என்றேன் நான்.

"நீங்க பாக்க வேண்டாமுங்க. நான் தொடறேன்" என்றாள் விசாலம். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

நான்கு குமிழ்கள் முடிவாயின: உள் விளக்கு, படுக்கை விளக்கு, தண்ணீர் பம்பு, கூரை மின்விசிறி. வெந்நீர் மட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று மூவரும் ஒப்புக்கொண்டோம். ஒவ்வொரு குமிழிலும் ஒரு பக்கம் பெட்டியிலிருந்து வரும் கம்பி, மறுபக்கம் பேட்டரியிலிருந்து நேராக வரும் கம்பி. இரண்டும் ஒருபோதும் ஒன்றையொன்று தொடாது. பெட்டியே செத்தாலும் விளக்கு எரியும். பேட்டரிக் கம்பி ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் கட்டாயம் என்றேன். "போடாம விடுவேனா?" என்றார். பம்பு அதிக மின்சாரம் இழுக்கும் என்பதால் அதற்கு மட்டும் அந்தச் சுமையைத் தாங்க நடுவில் ஒரு லாரி ஹாரன் ரிலே.

எங்கே பொருத்துவது என்பதில் மறுபடி வாக்குவாதம். கதவருகே, ஒரே வரிசையில், பெயர் ஒட்டி வைக்கலாம் என்றேன். விசாலம் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினாள். கை போய் நின்ற இடத்தில் ஸ்டெல்லா சாக்பீஸால் வட்டமிட்டார். அது படுக்கை விளக்கு. இரண்டடி நடந்து மறுபடி கையை நீட்டினாள். அது பம்பு. இப்படி நான்கு வட்டங்கள். எதுவும் எதற்கும் நேராக இல்லை.

வேலை முடிய நாலு மணி ஆனது. சாமானும் கூலியும் நாலாயிரத்து இருநூறு. கதவைச் சாத்தும்போது ஸ்டெல்லா என்னிடம் தாழ்ந்த குரலில், "சார், நாலும் கோணல் மாணலா இருக்குன்னு ஊருக்குப் போய் நேர் பண்ணிடாதீங்க" என்றார். என்னைச் சரியாகவே எடை போட்டிருந்தார்.

ஊட்டிக்குப் பத்தொன்பது கிலோமீட்டர், அங்கிருந்து இரவு தங்க நினைத்திருந்த எமரால்டு அணைப் பக்கத்துக்கு இன்னும் இருபதுக்கு மேல். அணைக்குப் போகும் சாலையில் கேரட் தோட்டம் வைத்திருக்கும் போஜன், தன் களத்தில் வண்டியை நிறுத்த இடம் கொடுத்தார். ஓர் இரவுக்கு முந்நூறு ரூபாய், கேரட் இலவசம். "ஒறம்பற மாதிரி இருங்க" என்று சொந்தக்காரர்களிடம் சொல்வது போலச் சொன்னவர், மண் மணக்கும் கேரட்டை ஒரு கை அள்ளி விசாலத்திடம் கொடுத்தார். பொழுது சாயுமுன் அணையைப் பார்த்துவிடலாம் என்று என்னை அழைத்தார். விசாலம் களைத்திருந்தாள், படுத்துக்கொண்டாள்.

வண்டியைவிட்டு இறங்கும்போது நான் தவறாமல் ஒன்று செய்வேன். திரையில் 'எல்லாம் அணை' என்ற பட்டனைத் தொடுவேன். அன்றும் தொட்டேன். போதாக்குறைக்கு நான்கு குமிழ்களையும் ஆட்டோவுக்குத் திருப்பிவிட்டுத்தான் இறங்கினேன். ஒழுங்கு என்று நினைத்துச் செய்தேன்.

அணையில் தண்ணீர் பாதிதான். எதிர்க்கரைச் சரிவில் தேயிலை, அதற்கு மேல் சோலை. பேச்சில் நேரம் போனது தெரியவில்லை. திரும்பும்போது பனி இறங்கிப் பாதை மங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் உள்ளே இருக்கிறாள், வண்டி முழுக்க இருட்டு, நான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்திருக்கிறேன். குன்னூரில் எரிந்து எரிந்து அணைந்த விளக்கு கண்முன் வந்தது. வரப்பில் வேகமாக நடந்தேன். போஜன் பின்னாலேயே, "மெதுவாங்க, காவா இருக்கு!" என்றார்.

மேட்டில் ஏறியதும் வண்டி தெரிந்தது. சன்னலில் மஞ்சள் வெளிச்சம் இருந்தது. நான் நின்று பார்த்தேன். அணையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒரு துடிப்புகூட இல்லாமல் எரிந்துகொண்டே இருந்தது.

"என்ன பாக்கறீங்க?" என்றார் போஜன்.

"வெளக்கு எரியுதுங்க."

"எரியத்தானே செய்யும்!" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

விசாலம் மேசையில் கேரட் சீவிக்கொண்டிருந்தாள். கோணலாகச் சீவியிருந்தாள், ஆனால் நிறையச் சீவியிருந்தாள். மின்விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தது, அந்தக் குளிரில். போட முடிகிறது என்பதற்காகவே போட்டிருக்கிறாள்.

"எல்லாத்தையும் அணைச்சுட்டுப் போயிருக்கீங்க."

"பழக்கம் விசாலம்."

"நான் உள்ள இருக்கறப்பவுமா?"

செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவள் அதை வளர்க்கவில்லை. ஒரு கேரட் துண்டை என் பக்கம் தள்ளினாள். "இனிமேல் இடப்பக்கம் நின்னா இடப்பக்கமே நிக்கட்டுமுங்க. நேர் பண்ணாதீங்க."

வெள்ளிக்கிழமை காலை நான் எழுந்தது ஒரு சத்தம் கேட்டு. தூக்கத்தில் அது என்னவென்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது, தண்ணீர் பம்பு. ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன். குழாய் திறக்கும் சத்தம், பாத்திரம் தட்டுப்படும் சத்தம், ஏதோ சிந்தியதற்கு அவள் தன்னையே திட்டிக்கொள்ளும் சத்தம். இத்தனை பயணங்களில் எனக்கு முன் அவள் எழுந்து நடமாடியது அதுதான் முதல் தடவை. டீ வந்தது. டம்ளரில் முக்கால், தட்டில் கால். சர்க்கரை கூடுதல். வர்க்கியை நனைத்து முழுவதும் குடித்தேன்.

வீட்டில் சமையலறைக் கதவருகே ஒரு பழைய சுவிட்ச் பலகை இருக்கிறது. முப்பது வருடமாக விசாலம் அதைப் பார்க்காமலே தட்டிக்கொண்டு போகிறாள். வீடு யாருடையது என்பதை அந்தத் தட்டல்தான் சொல்லிக்கொண்டிருந்தது என்று எமரால்டில்தான் எனக்குப் புரிந்தது. கேரவனில் அவளை நான் இதுவரை விருந்தாளியாக வைத்திருந்தேன்.

எட்டரை மணிக்குப் போஜனிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினோம். வழக்கம்போலத் திரையை நோக்கிப் போன கையைப் பாதியில் நிறுத்தி, "அணைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"உங்க பக்கத்தை அணைச்சுக்குங்க. என்னுதை நான் பாத்துக்கறேன்."

ஊட்டியில் பிரியும் இடத்தில் வண்டியை மெதுவாக்கினேன். குன்னூர் வழியே இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு. இன்னொரு சாலை கூடலூருக்கு, ஐம்பது கிலோமீட்டர்.

"கூடலூர் தாண்டி நாடுகாணின்னு ஒரு ஊரு இருக்குதாமா? காட்டுச் செடியெல்லாம் வெச்சுத் தோட்டம் போட்டிருக்காங்கன்னு போஜன் சொன்னாரு" என்றாள்.

"இருக்கு."

"அந்தத் திருப்பூர்க்காரருக்குப் போன் போட்டுக் குடுங்க. நானே பேசறேன்."

ஓரமாக நிறுத்திப் போட்டுக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் பேசினாள். திங்கட்கிழமை வர வேண்டாம் என்றாள். அவர் ஏன் என்று கேட்டார்.

"வண்டி வெளியூர் போயிருக்குதுங்க."

"அப்படீங்களா, எப்பத் திரும்பி வரும்?"

விசாலம் என்னைப் பார்த்தாள். நான் கூடலூர் சாலையைப் பார்த்தேன்.

"அது இன்னும் முடிவாகலீங்க" என்றாள்.