சுவருக்கு அந்தப் பக்கம்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்து, கிழக்கேகோட்டை பக்கம் ஒரு தாழ்வான சந்தில் குடியிருந்தோம். சந்தில் பாதிப் பேர் எங்களைப் போலத் தமிழ்க்காரர்கள்தான்.

மழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிவிடும். சந்தின் கோடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கட்டிய மதில்சுவர், தண்ணீர் போகிற வழியை அடைத்திருந்தது. கைக்குழந்தையைக் கட்டிலில் போட்டுவிட்டு வாளி வாளியாக மொண்டு ஊற்றுவேன். அந்தச் சுவரைத் திட்டித் தீர்ப்பேன். ஒரு மழையில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. அடுத்த மழையை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் ஊர் வழக்கப்படி மனு எழுதி, தட்டில் ஆப்பிளும் வெற்றிலையும் வைத்து, கவுன்சிலர் அம்மா வீட்டுக்குப் போனோம். அவர் சிரித்தபடி தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் வார்டு சபை கூடுகிறது, அங்கே வந்து எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்றார். தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைத்தோம். ஆப்பிளைச் சந்துப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள்.

ஆண்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவிவிட, நானும் பக்கத்து வீட்டு அக்காவும் போனோம். ரோட்டுக்கு ஒரு குழு, தண்ணீருக்கு ஒரு குழு என்று பிரித்து, பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு உட்கார வைத்தார்கள். எதிர் பெஞ்சில் அந்த அதிகாரியே இருந்தார். அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? மலையாளமும் சரியாக வராது. குழுவை நடத்திய டீச்சர் என் முழியைப் பார்த்துவிட்டு, "தமிழில பறஞ்ஞா மதி, எல்லார்க்கும் மனசிலாகும்" என்றார். தமிழில் சொன்னாலே போதுமாம், எல்லாருக்கும் புரியுமாம்.

சொன்னேன். தண்ணீர், குழந்தை, ஆஸ்பத்திரி, கடைசியில் சுவர். அதிகாரி எரிந்து விழுவார் என்று எதிர்பார்த்தேன்.

"இது இதுவரை ஆரும் என்னோடு பறஞ்ஞில்லல்லோ" என்றார், மெதுவாக. இதுவரை யாரும் இதைத் தன்னிடம் சொன்னதே இல்லையாம்.

நிஜம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் எந்த மழைக்கும் காய்ந்தே கிடந்திருக்கிறது. கவுன்சிலர் வீடுவரை தட்டோடு போன நாங்கள், அவர் வீட்டு கேட்டை ஒருநாளும் தட்டியதில்லை. தண்ணீர் போக ஓடை வெட்ட மதிலோரமாக இடம் விட்டுத் தருவதாக அங்கேயே எழுந்து நின்று சொன்னார். கவுன்சிலராகத் தான் போய்ச் சுவரைப் பற்றிக் கேட்டிருந்தால் கேஸாகியிருக்கும் என்று கவுன்சிலர் அம்மா பிறகு சிரித்தார்.

ஓடை வேலை முடிய அடுத்த வருஷம் ஆனது. ஆனால் அதிகாரி அந்த வாரமே ஆள் வைத்துச் சுவரின் அடியை உடைத்து வழி விட்டார். முதல் மழையன்று குடையோடு எங்கள் வாசலில் வந்து நின்று, "வெள்ளம் கேறியோ மோளே?" என்று கேட்டார். ஏறவில்லை என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்றைக்கும் யார்மேலாவது மனதுக்குள் கறுவத் தொடங்கினால், இதை அவரிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறேனா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.