செய்கு அலாவுதீன் காக்காவின் சீனிக்கிழங்கு

ஃபர்வானியாவில் அத்தர் கடை வைத்திருக்கும் செய்கு அலாவுதீன் காக்காவைத் தெரியாத கீழக்கரைக்காரன் குவைத்தில் இருக்க முடியாது. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். இவர் ஊருக்கே காக்கா. ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் முதலில் கேட்பது அவர் குரல்தான். "பிள்ளைகளா, ஒடம்பைப் பாத்துக்கிடுங்க. வெறும் வயித்துல வெந்நி குடிங்க. எண்ணெய்ப் பண்டத்தைத் தொடாதீங்க." இதைப் பேசும்போது அவர் வாயில் பரோட்டா இருப்பது, கொஞ்சம் கூர்ந்து கேட்டால் தெரிந்துவிடும்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. அதையும் ஏதோ பட்டம் வாங்கிய மாதிரிதான் சொல்லிக்கொள்வார். கடை மேசையில் மாத்திரை டப்பா இருக்கும், பக்கத்தில் பேரீச்சம்பழத் தட்டும் இருக்கும். கேட்டால், வருகிறவர்களுக்கு என்பார். யாரும் வராத நாளிலும் தட்டு காலியாகிவிடும்.

போன நோன்புக்கு முன்பு டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். கால்விரலில் உணர்வு குறைகிறது, இப்படியே தின்றுகொண்டிருந்தால் முதலில் கால் போகும், பிறகு ஆளே போய்விடுவார் என்று. காக்கா வெளியே வந்து, "இந்த டாக்டருக்கு அனுபவம் பத்தாது" என்றார். கூடப் போயிருந்த அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா முறையான ஜொஹரா லாத்தாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்படியில் லாத்தாவுக்கு ஒத்தாசை செய்கிற என் மனைவி இஃப்பத் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

லாத்தாவின் பயமெல்லாம் நோன்புப் பெருநாளைப் பற்றித்தான். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே தனியாக இருக்கும் ஆண்களுக்குப் பெருநாள் தோறும் காக்கா வீட்டில்தான் விருந்து. பிரியாணி, தால்சா, வட்டிலப்பம். காக்கா விருந்தாளிகளை உபசரித்தே மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிடுவார். லாத்தா ஆஸ்பத்திரியில் உணவு யோசனை சொல்லும் பெண்ணிடம் கெஞ்சிக் கேட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். சீனிக்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி. சோற்றுக்குப் பதிலாக, அதுவும் அளவாக.

"சீனி வியாதிக்குச் சீனிக்கிழங்கா? நல்லாருக்கே!" என்று காக்கா முதலில் சிரித்தார். ஆனால் பேசுவதற்குப் புது விஷயம் கிடைத்தால் விடுவாரா? அன்று சாயங்காலமே கடைக்கு வந்தவர்களிடம், காரமே தெரியாது, பூ மாதிரி இருக்கும் என்று சீனிக்கிழங்கின் மகிமையை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

பெருநாள் காலையில் லாத்தா கிழங்கைத் தோலோடு கழுவி, அரைவேக்காடாக அவித்துத் துண்டு போட்டார். மிளகு, சீரகம், சோம்பு மூன்றையும் வறுத்துப் பொடித்து, தட்டிய பூண்டு, மிளகாய்த்தூள், துளி பட்டைத்தூள் சேர்த்து, ஒரே கரண்டி எண்ணெயில் பிரட்டி ஓவனில் வைத்தார். ஓரமெல்லாம் சிவந்து மொறுமொறுப்பானதும், லூமி என்று இங்கே கிடைக்கும் காய்ந்த கறுப்பு எலுமிச்சையை இடித்து மேலே தூவினார். பிரியாணி வாசனையையே அமுக்கிவிட்டதாம் அது. இஃப்பத் லேசில் எதையும் புகழ்கிறவள் அல்ல.

எங்கள் ஊர் வழக்கப்படி விருந்தில் சஹன் வைப்போம். பெரிய தாம்பாளம், அதைச் சுற்றி நான்கு பேர், எல்லோர் கையும் ஒரே சோற்றில். சஹனில் மூத்தவர் நல்ல கறித்துண்டை எடுத்து எதிரே இருப்பவர் பக்கம் தள்ளுவார். அது மரியாதை. வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் மூத்தவரை அவமதித்ததாகிவிடும். காக்காவின் சஹனில் மட்டும் லாத்தா சோற்றைக் குறைத்துக் கிழங்கைக் குவித்து அனுப்பினார். திரும்பி வந்தபோது அதில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. லாத்தா கண் கலங்கி, "அல்லாஹ் எம் புருசனைத் திருப்பிக் குடுத்துட்டான்" என்று இஃப்பத்தைக் கட்டிக்கொண்டார்.

பெருநாள் முடிந்து ரத்தம் பார்த்தால் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. இனி ஊசிதான் என்றார் டாக்டர். காக்கா கொஞ்சமும் கூசாமல், "நான் சோத்தையே தொடலை. கெழங்கு மட்டும்தான். இவ பேச்சைக் கேட்டதுல வந்த வினை" என்று மனைவி மேலேயே பழியைப் போட்டார். லாத்தா, தன் கையாலேயே புருஷனைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்து நாள் கணக்கில் அழுதார். அந்த ஆளை அப்போதே நான்கு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

உண்மையைக் கொண்டுவந்தவன் சாதிக் பாட்ஷா. காக்காவின் சஹனில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவன். சூதுவாது தெரியாத பையன்.

"லாத்தா, காக்காவுக்கு எம்மேல எம்புட்டுப் பாசம் தெரியுமா? கெழங்கு பூராத்தையும் என் பக்கமே தள்ளிவிட்டாஹ! மறுக்க முடியுமா? ஒரு துண்டுகூட அவுஹ தின்னலை. பாவம், வெறும் பிரியாணிதான் தின்னாஹ."

லாத்தா அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அதே ஹால், அதே விருந்து. காக்கா கையைக் கழுவிவிட்டு வந்து சஹனை நெருங்கும்போது, லாத்தா உள்ளிருந்து ஒரு பீங்கான் தட்டைக் கொடுத்தனுப்பினார். அளவாகச் சீனிக்கிழங்கு, ஓரத்தில் வெள்ளரிக்காய், ஒரு துண்டு மீன். காக்காவுக்கு மட்டும் தனித்தட்டு. சஹன் வைத்த வீட்டில் தனித்தட்டு என்றால் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

காக்கா சமாளிக்கப் பார்த்தார். சிரித்துக்கொண்டே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டவர், "என்ன, இம்புட்டுக் காரமா இருக்கு?" என்றார்.

"காக்கா, காரமே தெரியாது, பூ மாதிரி இருக்கும்னு நீங்கதானே கடையில சொன்னீங்க?" என்றான் சாதிக் பாட்ஷா. ஹால் முழுக்கச் சிரித்தது.

காக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. தட்டைத் தள்ளினார். "ஜொஹரா! எல்லாரும் சஹன்ல ஒக்காந்திருக்கையில எனக்கு மட்டும் என்ன தனிக் கவனிப்பு? எம் மானத்தை வாங்கவா?"

லாத்தா திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றார். அந்நிய ஆண்கள் இருக்கும் இடத்தில் அவர் குரல் உயர்ந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"சஹன்ல ஒக்காரணும்னா தாராளமா ஒக்காருங்க, மச்சான். சோத்தை நாலு பேரு பங்கு வச்சுத் தின்னலாம். நீங்க மௌத்தாப் போனா, வெள்ளைச் சீலை கட்டிக்கிட்டு நாலு மாசம் பத்து நாளு வீட்டுக்குள்ளயே இத்தா இருக்கப் போறது நான் ஒருத்திதான். அதை எந்தப் பக்கம் தள்ளிவிடுவீங்க?"

எங்கள் கைகள் பிரியாணியிலேயே நின்றுவிட்டன. காக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தின்னத் தொடங்கினார்.