கரையில் நான்கு முட்டைகள்

குளத்தில் இறங்கி ஏறிய நாயின் ரோமத்துக்கு ஒரு வாடை உண்டு. பாசியும் வெயிலும் கலந்த அந்த வாடை எங்கிருந்தாவது வந்தால் இன்றும் என் வலது உள்ளங்கை தானாக மூடிக்கொள்கிறது. எங்கள் தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நாட்கள் அவை. பத்து வயதான எனக்கு, "செவலை" என்ற எங்கள் நாயைச் சாயங்காலம் குளத்தங்கரையில் நடத்திக்கொண்டு போவது பொறுப்பு. பங்குனி, சித்திரையில் ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில் முட்டையிடும் என்பதால் அப்போது கயிறு கட்டாமல் போகக் கூடாது என்பது, ஆசிரியரான அப்பாவின் கட்டளை. ஊரில் வேறு யாரும் நாயைக் கட்டி நடத்துவதில்லை. "வாத்தியார் வீட்டு நாயி எழுத்தும் படிக்குமா ஏட்டி?" என்று குளத்துக் காவல்காரர் கேட்டுச் சிரிப்பார்.

குருவி மேட்டில் முட்டையிட்டால் குளம் பெருகும் என்று பயிர் வைக்கும் சம்சாரிகள் நம்பியதால், அந்த முட்டைகளை யாரும் தொடமாட்டார்கள். அந்த வருஷம் முட்டைகள் தாழ்விலேயே கிடந்தன. கோடைமழை பெய்ததும் அவை முழுகிவிடுமோ என்று எனக்குப் பயம். நாயை மரத்தில் கட்டிவிட்டு, நான்கையும் பாவாடையில் ஏந்தி மேட்டில் கொண்டு வைத்தேன். தலைக்கு மேல் குருவி கத்தியது. போகப்போக அதற்கும் புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் அது பழைய இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. மேட்டு முட்டைகளில் உட்காரவில்லை. மூன்றாம் நாள் செவலை கயிற்றைப் பறித்துக்கொண்டு நேராக மேட்டுக்கு ஓடியது; நான் போய்ச் சேர்வதற்குள் முட்டை ஓடுகள்தான் மிச்சம். என் கை வாசனைதான் அதற்கு வழி காட்டியிருக்க வேண்டும்.

"வாய் ருசி கண்டாச்சி சாரே, இனி கெட்டினாலும் நிக்காது" என்று காவல்காரர் வீட்டுக்கே வந்து சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார்.

"மக்ளே, கயிற நீ விட்டியா?"

"நான் விடல்ல. அதுதான் இழுத்துட்டுப் போச்சு."

பொய் இல்லை. அதுதான் இத்தனை வருஷமாக அறுக்கிறது. அருமனை ரப்பர் தோட்டத்துக்குப் போகிற ஒருவரிடம் அப்பா கயிற்றைக் கொடுத்தார்; செவலை வாலை ஆட்டிக்கொண்டே போயிற்று. குளத்துத் தண்ணீரோ, முட்டைகள் முதலில் கிடந்த இடம் வரை அந்த வருஷம் ஏறவேயில்லை.

இருபத்தைந்து வருஷம் கழிந்து, இப்போது கரைச் சரிவு முழுக்கக் கல் பாவிவிட்டார்கள்; குருவி முட்டையிடத் தரை இல்லை. உண்மை தெரியாமலே அப்பாவும் போய்விட்டார். நாய்க்குட்டி வேண்டும் என்று என் மகள் ஒரு மாதமாக அழுகிறாள். எனக்கு நாய் என்றால் பயம் என்று அவளுடைய அப்பா அவளைச் சமாதானம் செய்கிறார். நான் மறுத்துச் சொல்லவில்லை.