திட்டில் மிதந்த மாலை

டீசல் புகையும் வேகவைத்த வேர்க்கடலையும் கலந்த வாசனை எங்கேயாவது வந்தால், கோடை விடுமுறை விட்டுவிட்டதுபோல் இன்னமும் எனக்கு ஒரு துள்ளல் வரும். சுனாமிக்கு முந்தைய ஆண்டுகள் அவை. அப்போது எங்கள் வீடு மீனவர் கிராமமான பட்டினச்சேரியில் இருந்தது. விசைப்படகில் கடலுக்குப் போகும் அப்பா, மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா இருக்க முடியாமல், மாலை வேளைகளில் சித்தப்பாவின் ஃபைபர் படகை வாங்கிக்கொண்டு, திருநள்ளாற்றுக்கு வந்த கையோடு கடல் பார்க்க வருகிறவர்களை ஆற்று முகத்துவாரத்து மணல்மேட்டுக்கு ஏற்றிப் போவார். நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த அந்த மேட்டுக்கு எங்கள் தெருவில் "திட்டு" என்று பெயர்.

அங்கே போகிறவர்கள் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து குளிப்பார்கள், காலால் மணலைக் கிளறி "மட்டி"ச் சிப்பி பொறுக்குவார்கள், பந்து விளையாடுவார்கள். அவர்களுடைய சிரிப்பு கரைவரை கேட்கும். எனக்கும் போக வேண்டும்போல் இருக்கும். ஆனால் எங்கள் தெருப் பெண்கள் படகில் ஏறுவதில்லை.

"வர்றவங்க வீட்டுப் பொம்பளைங்க மட்டும் ஏறலாமா?" என்று கேட்டால், "அவங்க வேடிக்கை பாக்க வந்தவங்க. நமக்கு அது சோறு போடுற எடம்டி" என்பார் அம்மா.

ஒரு நாள் கும்பகோணத்துக் குடும்பம் ஒன்று வந்தது. அவர்களுடன் வந்த, என் வயதுச் சிறுமி படகைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா கரையில் நின்ற என்னைப் பார்த்து, "ஏய், நீயும் ஏறு. தொணைக்கு ஆள் இருந்தா அந்தப் பாப்பா வரும்" என்றார். அம்மா கண்ணில் படுவதற்குள் ஏறிவிட்டேன்.

திட்டில் இறங்கியதும் அந்தச் சிறுமியின் அம்மா, "நீ கடக்கரைப் பொண்ணு, நல்லா நீந்துவே. இவளுக்கும் கத்துக் குடேன்" என்று அவள் கையை என் கையில் கொடுத்தார். அப்பா பெருமையாகச் சிரித்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"என்னடி?"

"எனக்கு நீந்தத் தெரியாதுப்பா."

அண்ணனுக்கு அவர்தான் நீந்தக் கற்றுக்கொடுத்தவர். எனக்கு யாரும் மறுக்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.  அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மார்பளவு தண்ணீருக்கு என்னைத் தூக்கிப் போனார்.

"மல்லாக்கப் படு. வானத்தப் பாரு. ஒடம்ப வெறப்பா வச்சுக்காத, நான் கை வச்சிருக்கேன்ல."

காது தண்ணீரில் அமிழ்ந்ததும் ஊர்ச் சத்தமெல்லாம் அடங்கிப்போனது. முதுகுக்குக் கீழே, வலை இழுத்துக் காய்த்த கைகள் சொரசொரவென்று இருந்தன. வந்தவர்களில் ஒருவர், "அண்ணே, நேரமாகுதே, கெளம்பலாமா?" என்று கூப்பிட்டது எங்கோ தொலைவில் கேட்டது.

"செத்த இருங்க. எம்புள்ள இப்பத்தான் மெதக்குது."

அந்தக் கைகளை அவர் நடுவில் எடுத்தாரா, கடைசிவரை வைத்திருந்தாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா போட்ட சத்தத்தில், இன்னொரு முறை போக வாய்க்கவில்லை. அடுத்த கோடை, அதற்கடுத்த கோடை என்று காத்திருந்தேன். பிறகு சுனாமி வந்தது. திட்டு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. அப்பா அதன்பிறகு கடலுக்குப் போனார், ஆனால் யாரையும் வேடிக்கைக்கு ஏற்றிப் போகவில்லை.

இப்போது நான் கடலிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் கோவில்பத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகனைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனால், அவன் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொள்வேன். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் படவிடுவதில்லை. பயப்படுவது சரியா, பிள்ளையைக் கோழையாக்குகிறேனா என்று இரண்டு பக்கமும் யோசித்துக்கொண்டே இருப்பேன். போன வாரம் அப்பாவும் எங்களுடன் வந்திருந்தார். மகன் அவர் விரலைப் பிடித்து இழுத்து, "தாத்தா, உள்ள போவோம்" என்றான். குனிந்து அவன் கால்சட்டையை மடிக்கப் போன அப்பா, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், என்னிடம் உத்தரவு கேட்பதுபோல.

"அடுத்த வாரம் பாக்கலாம்ப்பா" என்றேன்.

"சரிம்மா" என்று உடனே ஒதுங்கிக்கொண்டார். அடுத்த வாரமும் அதையேதான் சொல்லிவிடுவேனோ என்று இருக்கிறது.